சீல் இல்லாத பதிவு

இன்று யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில், நெல்லியடியில் ஏறிய ஓர் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“தம்பி, மதம், சட்டம் எண்டு இன்ரநெற்றிலை எழுதிறது நீங்கள்தானே? போட்டோவிலை பாத்தனான்.”

ஓம் என்றேன். ஆறு வருடமாக எழுதுகிறேன். வழியில் என்னை அடையாளம் கண்ட முதல் வாசகர் இவர்தான். பெருமையாகக்கூட இருந்தது.

கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளொன்றை எடுத்தார். மதம் மாறியவர் என்பதற்காக ஒருவரை ஊர்ப் பொது மயானத்தில் புதைக்க மறுக்க முடியாது என்று போன மாதம் நான் எழுதிய பதிவு. மகள் அச்செடுத்துக் கொடுத்தாளாம்.

“என்ரை மனுசனை எங்கடை ஊரிலை அடக்கம் செய்ய விடேல்லை, தம்பி. இதை மயானக் கமிற்றிக்காரரிட்டைக் காட்டினனான். சீல் இல்லையெண்டு திருப்பித் தந்திட்டினம். நீங்கள் ஒரு சீல் குத்தித் தாங்கோ. அவரை ஊருக்குக் கொண்டு வந்திடுவன்.”

“அக்கா, நான் கோர்ட் இல்லை. சும்மா எழுதிறவன்.”

“அப்ப எழுதினது பொய்யோ?”

“இல்லையக்கா. உண்மைதான்.”

அவர் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்துக்கொண்டு கோப்பாயில் இறங்கினார். கணவரைப் புதைத்திருப்பது அங்கேதானாம்.

வீட்டுக்கு வந்து அந்தப் பதிவைத் திறந்து பார்த்தேன். அரசியலமைப்பின் பத்தாம் உறுப்புரை, பதினான்காம் உறுப்புரை, நீள நீளமான அடிக்குறிப்புகள். ஒரு பிழையும் இல்லை. ‘மிகத் தெளிவான கட்டுரை’ என்று நீங்கள் எல்லோரும் கீழே பாராட்டியிருக்கிறீர்கள்.

உங்களில் யாரிடமாவது ஒரு சீல் இருந்தால் சொல்லுங்கள்.