திரி வெட்டிய மெழுகுவர்த்தி

எங்கள் வீட்டில் பெரியவர்களுக்குப் பிறந்த நாள் என்று எதுவும் செய்ததில்லை. என் மகன் சின்னவனாக இருந்தபோதுகூடப் பாயசம் வைப்பதோடு சரி. என் வீட்டுக்காரருக்கு ஆதார் அட்டையில் ஒரு தேதி இருக்கிறது என்பதையே மருமகள்தான் கவனித்தாள். அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தவள் அவள்தான். அப்போதே மனசில் குறித்துக்கொண்டாள் போலிருக்கிறது.

மாசி மாதம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். ரத்தக் குழாயில் ஸ்பிரிங் வைத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவர் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தால்கூட, வயிறு ஏறி இறங்குகிறதா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பலித்துவிடுமோ என்று பயம்.

மருமகள் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருகிறாள். அட்டையில் இருந்த அந்தத் தேதியன்று சாயங்காலம் கேக் பெட்டியோடு வந்தாள்.

"வழி பூரா மடியிலயே வச்சிருந்தேன் அத்தை. புதுச்சத்திரத்துல ஒரு பிரேக் போட்டான் பாருங்க, ஒரு பக்கம் சப்பிப் போச்சு."

கேக்கோடு ஏழு, பூஜ்யம் என்று இரண்டு மெழுகுவர்த்தியும் வாங்கி வந்திருந்தாள். பேத்திகள் இருவரும் அப்போதே சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள். பெரியவள் மூன்றாவது படிக்கிறாள், சின்னவள் யுகேஜி.

"தாத்தாகூட நான்தான் ஊதுவேன்."

"நீ எச்சி தெளிப்ப. போன தடவ கேக்கு பூரா ஒன் எச்சிதான்."

பேத்திகள் பிறந்த நாளில் அவர்கள் ஊதும்போது எனக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும். சின்னப் பிள்ளைகள், விளையாட்டு என்று அதை விட்டுவிடலாம். ஆனால் இவருக்கு, அதுவும் இந்த வருஷம், ஏற்றின தீயை எல்லோரும் சேர்ந்து வாயால் ஊதி அணைப்பதா? எங்கள் வீட்டில் விளக்கைக்கூடப் பூவால் ஒற்றித்தான் குளிர வைப்போம். இதை மருமகளிடம் எப்படிச் சொல்வது? அத்தனை தூரம் ஆசையாக மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன்.

அவள் முகம் கழுவப் போனாள். நான் அலமாரியிலிருந்த நெயில்கட்டரை எடுத்து, இரண்டு மெழுகுவர்த்தியிலும் திரியை அடியோடு வெட்டிவிட்டேன். வெட்டின துண்டுகளைத் தோட்டத்துப் பக்கம் எறிந்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டேன்.

ஃபேனை நிறுத்திவிட்டு எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றோம். மகனுக்கு அன்று கம்பெனியில் ஷிப்ட், அவன் இல்லை. மருமகள் தீக்குச்சி கிழித்தாள். மெழுகு உருகியதே தவிர பற்றவில்லை. நாலு குச்சி ஆயிற்று. குனிந்து பார்த்தாள்.

"திரியே இல்ல அத்தை! நல்லா ஏமாத்திட்டான் கடைக்காரன். நாளைக்கு எறங்கினதும் நேரா அங்கதான். உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்."

பாவம் அந்தக் கடைக்காரன், எந்த மகராசி பெற்ற பிள்ளையோ. சின்னவள் வேறு உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தாள். அதற்குள் பெரியவள் ஓடிப்போய், சாமி மாடத்தில் எரிந்துகொண்டிருந்த காமாட்சி விளக்கை இரண்டு கையாலும் ஏந்தி வந்து கேக் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

"இத ஊதலாம் தாத்தா. ஒன், டூ…"

"ஊதாத!"

கத்தியது நான்தான். அந்த வீட்டில் என் சத்தத்தை அப்படி யாரும் கேட்டதில்லை. சின்னவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். இனி மறைக்க முடியாது.

"கடைக்காரன் ஒண்ணும் பண்ணலம்மா. நான்தான் வெட்டுனேன். தாத்தா ஒடம்பு இப்பத்தான் தேறி வருது. வெளக்க அணைக்கணுமான்னு…"

தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்தான் சிரித்தார்.

"இன்னா புள்ள நீ! எனக்கு நெஞ்சுல ஸ்பிரிங் வச்சிருக்காங்களா, மெழுகுவத்தி வச்சிருக்காங்களா?"

மருமகள் சிரிக்கவில்லை. "சொல்லியிருக்கலாமே அத்தை" என்று மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு, மெழுகுவர்த்தி இரண்டையும் பிடுங்கி எடுத்தாள். விளக்கு வைத்த இடத்திலேயே இருந்தது. பிள்ளைகள் கைதட்டிப் பாட, அவர் கேக்கை வெட்டினார். சப்பின பக்கம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சர்க்கரை இருக்கிறது என்று மருமகள் அதிலும் பாதியை எடுத்துவிட்டாள்.

நான் தட்டு எடுக்கப் போய்த் திரும்பினேன். சின்னவள் நாற்காலிமேல் ஏறி, நல்லெண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்து விளக்கில் ஊற்றிக்கொண்டிருந்தாள். எண்ணெய் வழிந்து மேசை விரிப்பெல்லாம் நனைந்து, கேக் வரைக்கும் போய்விட்டது.

"ஏண்டி இப்படி?" என்றாள் அக்கா.

"அணைஞ்சிடுச்சின்னா?"

அவளை யாரும் திட்டவில்லை. நான் பாட்டிலை வாங்கி மூடினேன்.

"ஒரே புழுக்கமா இருக்குதும்மா, ஃபேனப் போடு" என்றார் அவர். மருமகள் எழுந்து சுவிட்ச் வரைக்கும் போனாள். திரும்பி விளக்கைப் பார்த்தாள்.

"கொஞ்ச நேரம் பொறுத்துக்குங்க மாமா" என்று சொல்லிவிட்டு வந்து, ஒரு நோட்டை எடுத்து விளக்குப் பக்கம் காற்றுப் போகாமல் அவருக்கு விசிற ஆரம்பித்தாள்.