அமாவாசையில வெச்ச கிராம சபை

அஞ்சாறு வருஷம் இருக்கும். மாசி மாசம். பழவேற்காடு ஏரிக்குள்ள இருக்கிற எங்க தீவு கிராமத்துல நடந்தது. ஊர் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னா அரை மணி நேரத்துல ஆள் யாருனு கண்டுபிடிச்சு போன் பண்ணிடுவாங்க. அப்ப எனக்கு இருபத்தி மூணு வயசு. ஊராட்சித் தலைவர் ஆகி முழுசா ரெண்டு மாசம்கூட ஆகலை.

நான் தலைவர் ஆனதே ஒரு கூத்து. பி.காம் முடிச்சிட்டு மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போய்க்கிட்டிருந்தேன். காலையில அஞ்சரைக்குப் படகு, அப்புறம் பஸ். சாயங்காலம் திரும்பும்போது ஏரியில தண்ணி வத்தியிருந்தா படகு கரைக்கு வராது. பாதியிலேயே இறங்கி முழங்கால் சேத்துல நடந்து வரணும். கைக்குழந்தைக்காரி, வயித்துப்பிள்ளைக்காரி, காய்ச்சல்காரன் எல்லாருக்கும் அதே சேறுதான். ஒரு நாள் என் செருப்புல ஒண்ணை சேறு முழுங்கிடுச்சு. கைய விட்டுத் தேடும்போது டிபன் பாக்ஸும் போச்சு. எங்க ஊராட்சியை அந்தத் தபா தேர்தல்ல பொம்பளைங்களுக்குனு ஒதுக்கியிருந்தாங்க. வந்த கோவத்துல வீட்டு வாசல்ல நின்னு, "நான் எலெக்‌ஷன்ல நிக்கப்போறேன்"னு கத்தினேன். எங்க நைனா வலையை விட்டுத் தலையைக்கூடத் தூக்கலை. "மொதல்ல இருக்கிற ஒத்தச் செருப்பைக் கழுவிட்டு வா"ன்னார். அப்பாவை எங்க பக்கம் நைனானுதான் கூப்பிடுவோம்.

கட்சி இல்லை, கொடி இல்லை. வீடு வீடாப் போய் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னேன். ஜெயிச்சா படகு வந்து நிக்கிற மாதிரி ஒரு துறை கட்டித் தரேன், இனிமே யாரும் சேத்துல இறங்க வேணாம்னு.

என்னை எதிர்த்து நின்னவங்க எங்க தெரு அத்தை. ரத்த சொந்தம் இல்லை, ஊர் முறைக்கு அத்தை. ஏரியில கையால தடவி இறால் பிடிக்கிற பொம்பளைங்க எங்க ஊர்ல நிறைய பேர். அவங்களுக்கெல்லாம் அத்தைதான் தலைவி. வாய்னா வாய், அப்படி ஒரு வாய். இருந்தாலும் கொஞ்சம் ஓட்டுல நான் ஜெயிச்சிட்டேன். போய்க் கால்ல விழுந்தேன். "நல்லா இருடி. ஆனா அஞ்சு வருஷத்துக்கு உன்னை நிம்மதியா தூங்கவிட மாட்டேன்"னு சொல்லி திருநீறு பூசினாங்க.

தலைவர் ஆன புதுசுல மனு கொடுக்க வர்ற ஆம்பளைங்க என்னைத் தாண்டிப் போய் நைனா கையில கொடுப்பாங்க. அவர் வாங்க மாட்டார். "எனக்கு இன்னா தெரியும், அவகிட்ட கொடுங்கப்பா"னு திருப்பி விட்டுடுவார். அதுல எனக்கு உள்ளுக்குள்ள ஒரு வீம்பு வந்துடுச்சு. சின்னப் பொண்ணுனுதானே நினைக்கிறீங்க, இந்தத் துறையைக் கட்டிக் காட்டுறேன் பாருங்கடானு.

அதிர்ஷ்டமும் கூடவே வந்துச்சு. துறை கட்ட பணம் இருக்குனு மேல இருந்து தகவல். ஆனா கிராம சபையைக் கூட்டி, எந்த இடத்துல கட்டப்போறோம்னு எழுதி, ஜனங்க கையெழுத்தோட தீர்மானம் அனுப்பணும். மார்ச் முடியறதுக்குள்ள போகலைனா பணம் வேற ஊருக்குப் போயிடும். எங்க ஊராட்சி செயலர் பொன்னேரி பக்கத்து ஆளு. அம்பது வயசுக்காரர், என்னை 'தலைவரம்மா'னுதான் கூப்பிடுவார். எனக்கே சிரிப்பு வரும். அவர் ரெண்டு தேதி சொல்லி, "எது வசதி தலைவரம்மா?"ன்னார்.

நான் சுவர்ல இருந்த காலண்டரைப் பாத்தேன். ஒரு தேதியில கருப்பு வட்டம். அமாவாசை. எங்க கம்பெனியில எந்த நல்ல காரியத்தையும் நிறைஞ்ச அமாவாசையிலதான் ஆரம்பிப்பாங்க. "இதையே வெச்சிடுங்க சார், நல்ல நாளு"ன்னேன். காலையில பதினொரு மணி. நோட்டீஸ் அடிச்சு ரேஷன் கடை, கோயில், சர்ச் எல்லா இடத்துலயும் ஒட்டியாச்சு. இந்தத் தேதியில இன்னா தப்புனு வெளியூர்க்காரங்களுக்குப் புரியாது. ஏரியில பொறந்து வளர்ந்த எனக்கே அன்னிக்குப் புரியலைங்கறதுதான் வெக்கம்.

இடமும் நானே முடிவு பண்ணிட்டேன். கோயிலுக்கு எதிர்ல, பாக்க லட்சணமா இருக்கும்னு ரெண்டு மூணு பேரை வெச்சு சுண்ணாம்புக் கோடுகூட போட்டுட்டேன். பழவேற்காட்டுல டச்சுக்காரன் கல்லறையாண்ட ஒரு பந்தல் கடை இருக்கு. அங்கிருந்து சேரு, மைக்கு, ஷாமியானா எல்லாம் படகுல வந்து இறங்குச்சு. மசால் வடை ஒரு பெரிய பாத்திரம் நிறைய. நான் கஞ்சி போட்ட காட்டன் புடவை.

பதினொரு மணி ஆச்சு. பந்தல்ல நானும் செயலரும் மைக்செட்காரரும். கடைசி வரிசையில ஒரு ஆடு. பதினொன்றரை ஆச்சு. ஆடும் எழுந்து போயிடுச்சு.

எனக்கு வந்ததே கோவம். மைக்கைப் பிடிச்சேன். "ஊர் மக்களே, உங்களுக்காகத்தான் இந்தக் கூட்டம், உங்க நல்லதுக்குத்தான், இப்படி அக்கறை இல்லாம இருந்தா ஊர் எப்படி முன்னேறும்"னு ஆரம்பிச்சு பத்து நிமிஷம் காலி சேருங்களை வறுத்து எடுத்தேன். அந்த ஸ்பீக்கர் ஏரிப் பக்கம் திரும்பி இருந்துச்சு. தண்ணி மேல சத்தம் எவ்வளவு தூரம் போகும்னு அப்ப நான் யோசிக்கலை.

செயலர் கடிகாரத்தைப் பாத்துட்டு மெதுவா சொன்னார். "அம்பது கையெழுத்து இருந்தாத்தான் கூட்டம் செல்லும் தலைவரம்மா. பரவால்ல, எங்க இருக்காங்களோ அங்க போய் வாங்கிக்கலாம். எல்லா ஊர்லயும் நடக்கிறதுதான்." அவர் கெட்டவர் இல்லை, பணம் போயிடக்கூடாதேனு சொன்னார். எனக்கும் அதான் சரினு பட்டுச்சு. கூட்டமாவது ஒண்ணாவது, கையெழுத்துதானே வேணும்? ரிஜிஸ்டரைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பேரும் கரைக்கு நடந்தோம்.

கரையில போய் நின்னதும் எனக்குத் தலையில அடிச்ச மாதிரி ஆயிடுச்சு. ஊரே ஏரிக்குள்ள இருந்துச்சு. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏரியில ஓட்டம் ஜாஸ்தி. தண்ணி நல்லா ஏறும், நல்லா வத்தும். இறால் கிளம்புற நாள் அது. மாசத்துல அந்த சில நாள்தான் எங்க ஜனத்துக்கு நாலு காசு பாக்கற நாள். அதுலயும் தண்ணி வத்துற நேரமாப் பாத்து, கரெக்டா பதினொரு மணிக்கு நான் கூட்டம் வெச்சிருக்கேன். இறால் வித்த காசுலதான் நான் காலேஜே படிச்சேன். சரியான மக்கு.

கிட்ட இருந்தது இறால் தடவுற பொம்பளைங்க கூட்டம். அவங்க தண்ணியில கழுத்தளவு உக்காந்து ரெண்டு கையாலயும் அடிச் சேத்தைத் தடவுவாங்க. பிடிச்ச இறாலைப் போடற ஓலைப் பறி வாயில இருக்கும், பல்லால கடிச்சிருப்பாங்க. நான் புடவையைத் தூக்கிச் சொருகிட்டு சேத்துல இறங்கினேன். செயலரும் பேன்ட்டை மடிச்சிட்டு, ஷூவைக் கையில பிடிச்சிட்டு, "பாம்பு இருக்குமா தலைவரம்மா?"னு கேட்டுக்கிட்டே வந்தார்.

"அக்கா, கூட்டத்துக்கு யாரும் வரலையே. இதுல ஒரு கையெழுத்து போட்டுடுங்க"ன்னேன். ஒருத்தரும் பேசலை. அத்தனை பேரும் என்னையே பாக்கறாங்க. ஐயோ, மைக்ல திட்டினது கேட்டு ஊரே நம்மை ஒதுக்கி வெச்சிடுச்சுனு பயந்துட்டேன். அப்புறம்தான் உறைச்சுது. வாயில பறி இருந்தா எப்படிப் பேசுவாங்க?

அத்தைதான் பறியை வாயில இருந்து எடுத்தாங்க. திட்டப் போறாங்கனு நினைச்சேன். சிரிச்சாங்க.

"உஷாரான பொண்ணுடி நீ. பழைய தலைவருங்கள்லாம் கூட்டமே போடாம ஏமாத்தினாங்க. நீ ஒருத்தரும் வர முடியாத நாளாப் பாத்துக் கூட்டம் போட்டு, தண்ணிக்குள்ளயே வந்து கையெழுத்து வாங்குற. ரெண்டே மாசத்துல எப்படிக் கத்துக்கின?"

கிண்டல் இல்லைங்க. நிஜமாவே மெச்சிக்கிட்டாங்க. சுத்தி இருந்தவங்களும் தலையை ஆட்டினாங்க. ஊர்ல அத்தனை பேரும் அப்படித்தான் நினைச்சிருக்காங்க. நைனாகூட! விடியல்ல வலை எடுத்துக்கிட்டுப் போகும்போது அவர் ஏன் ஒரு வார்த்தை சொல்லலைனு அப்பதான் புரிஞ்சுது. நான் வேணும்னே வெச்சிருக்கேன்னு நினைச்சு மனசுக்குள்ள வருத்தப்பட்டுக்கிட்டே போயிருக்கார்.

முட்டாள்னு திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். திருடினு நினைச்சு பாராட்டினது எனக்குத் தாங்கலை. இடுப்பளவு தண்ணியில நின்னு அழுதுட்டேன். "அத்தே, சத்தியமா தெரியாம பண்ணிட்டேன். அமாவாசைல இறால் வரும்னே மறந்துட்டேன். காலண்டர்ல நல்ல நாள்னு பாத்து வெச்சேன்"னு உளறினேன்.

 அதுக்கு ஒரு சிரிப்பு சிரிச்சாங்க பாருங்க, ஒருத்தி வாயில இருந்த பறி நழுவி, பிடிச்ச இறால் எல்லாம் தண்ணியில போச்சு. "மீன்காரன் பொண்ணு மறந்துட்டாளாம்டி, கம்பெனி பஸ்ல போனவ இல்ல"னு ஒரே கூத்து. எனக்கும் அழுகையோட சிரிப்பு வந்துடுச்சு. ரிஜிஸ்டரை மூடி செயலர்கிட்ட கொடுத்துட்டேன். "கையெழுத்து வேணாம். எப்ப வரமுடியும்னு நீங்களே சொல்லுங்க"ன்னேன்.

"மூணு மணிக்குத் தண்ணி ஏறிடும். அப்ப இங்க எங்களுக்கு இன்னா வேலை? வரோம் போ"ன்னாங்க அத்தை.

மூணு மணிக்கு வந்தாங்க. நான் எதிர்பார்க்காத மாதிரி வந்தாங்க. ஈரப் புடவையோட, பறியோட, அப்படியே தண்ணியில இருந்து நேரா. "சேர் நனையுமே"னு தயங்கினவங்களை நானே கையைப் பிடிச்சு உக்கார வெச்சேன். அதுவரைக்கும் எங்க ஊர்க் கூட்டத்துல ஆம்பளைங்கதான் உக்காருவாங்க, பொம்பளைங்க தூரத்துல நின்னு பாத்துட்டுப் போயிடுவாங்க. அன்னிக்கு முன் வரிசை பூரா அவங்க. ஆறிப்போன வடை அஞ்சு நிமிஷத்துல காலி.

தீர்மானத்தைப் படிச்சேன். கோயிலுக்கு எதிர்ல துறைனு சொன்னதுமே அத்தை எழுந்தாங்க. "அங்க கட்டினா படகு எப்படிடி வரும்? தண்ணி வத்தினா அங்க வெறும் சேறு. சேத்துக்கு நடுவுல படிக்கட்டு கட்டினா கொக்குதான் வந்து உக்காரும். அந்தக் காலத்துல கப்பல்ல வந்த டச்சுக்காரனே ஆழம் பாத்துத்தான் நங்கூரம் போட்டான்."

அவ்வளவுதான், ஆளாளுக்குப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. எங்க கிளிஞ்சல் கெட்டியா இருக்கு, எங்க கால் புதையும், எங்க எப்பவும் தண்ணி நிக்கும்னு ஏரியோட அடி மொத்தமும் அவங்களுக்கு மனப்பாடம். வடக்கு மூலைதான் சரியான இடம்னு பொம்பளைங்க எல்லாரும் ஒரே குரலா சொன்னாங்க. ஒரு பெரியவர், "காலம் பூரா படகு ஓட்டுற எங்களுக்குத் தெரியாததா"ன்னார். அத்தை விடலை. "நீ மேல இருந்து பாக்குற மாமா. நாங்க அடியைத் தொட்டுப் பாக்குறோம்"ன்னாங்க.

நைனாவும் ஏரியில இருந்து வந்திருந்தார். படகுக் கழியை எடுத்துக்கிட்டுப் போய் ரெண்டு இடத்துலயும் குத்திப் பாத்துட்டு வந்தார். தண்ணி ஏறின நேரத்துலயே கோயிலாண்ட இடுப்பளவுதான். வடக்கு மூலையில கழி பாதிக்கு மேல உள்ள போயிடுச்சாம். "அவங்க சொல்றதுதான் சரி"ன்னார். செயலர் டைப் அடிச்சுக் கொண்டாந்ததை அடிச்சிட்டு, கையால புதுசா எழுதினார். அம்பது பேர் கேட்டோம். ரிஜிஸ்டர்ல இடம் பத்தாம தனிக் காகிதம் ஒட்டினோம். பாதி கையெழுத்து ஈரத்துல கரைஞ்சிருந்துச்சு.

தீர்மானம் நேரத்துக்குப் போச்சு. செயலர் கடைசி பஸ் பிடிக்கக் கிளம்பும்போது அத்தை அவர் கையில ஒரு பை இறால் திணிச்சு விட்டாங்க. ஒன்றரை வருஷத்துல துறை வந்துச்சு. மொத மொதல்ல நல்லா தண்ணி வத்தின ஒரு நாள் சாயங்காலம், பிரசவம் ஆன ஒரு பொண்ணு குழந்தையோட படகுல இருந்து நேரா படியில கால் வெச்சு இறங்கினா. கால்ல ஒரு பொட்டு சேறு இல்லை. அத்தை பக்கத்துல நின்னு என் தோள்ல ஒரு தட்டு தட்டினாங்க.

இப்ப சில காலேஜ்ல கூப்பிட்டு, இளைஞர்கள் அரசியலுக்கு வரணும்னு பேசச் சொல்றாங்க. கண்டிப்பா வரணும்னுதான் நானும் சொல்வேன். வேகம் நம்மகிட்டதான் இருக்கு. ஆனா அந்தத் துறையில என் பேர் செதுக்கின கல்லு ஒண்ணு இருக்கு. அதைத் தாண்டும்போதெல்லாம், அன்னிக்கு அந்தக் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கிட்டு திரும்பியிருந்தா இதே கல்லு, இதே பேரோட, யாருக்கும் உதவாம சேத்துக்கு நடுவுல நின்னுக்கிட்டிருக்கும்னு ஒரு நிமிஷம் நினைச்சுப் பாத்துட்டுத்தான் படி ஏறுவேன்.