ஏலம் போன சங்கிலி

ஆரியசாலையில் நான் வேலை பார்க்கும் அடகுக் கடைக்கு ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் எதையாவது அடகு வைக்க ஒரு பைக் பந்தயக்காரர் வருவார். அவருடையது நேர்ச்சாலையில் சில நொடிகளில் முடிந்துவிடும் பந்தயம். ஒல்லி உடம்பு. நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் வலது கை இல்லாத ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருக்கும்.

அவர் அடகு வைத்து மீட்காத சங்கிலி ஏலம் போய்விட்டது என்று ஒருநாள் சொன்னேன். அவர் முகம் வாடுவதைப் பார்க்க எனக்கு ஆசைதான்.

“போட்டும் அண்ணாச்சி. கழுத்துல வெயிட்டு குறைஞ்சா வண்டி இன்னும் பறக்கும், கேட்டேளா,” என்று சிரித்தார்.

“ஜெயிச்சா டயர் காசாவது தேறுமா?”

“எங்க தேற? பந்தயம் தொடங்குற பச்சை லைட்டு கண்டா பின்ன கடனொண்ணும் ஓர்மையில நிக்காது.”

எனக்கு மாதச் சம்பளம் உண்டு, கடனில்லை. கழுத்தில் சங்கிலியும் பத்திரமாக இருக்கிறது. அதை அடகு வைத்தாவது செய்தே தீரவேண்டும் என்று எனக்கு ஒன்றுமே தோன்றியதில்லை. அந்த மனிதர்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.