இரண்டு கடைகளில் ஒரே குரல்

என் அக்காவின் கணவர் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஓடும் ஒரு தனியார் பேருந்தில் கண்டக்டராக இருந்தார். நான் அவரை மாமா என்பேன். அவர் என்னை மச்சான் என்பார். தொண்டைக் கரகரப்பு என்று ஆரம்பித்தது மாதக்கணக்கில் போகவில்லை. கடைசியில் குரல்வளையில் புற்று என்று தெரிந்தது. குரல்வளையை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார், பேச்சு மட்டும் இருக்காது என்றார் டாக்டர். அந்த 'மட்டும்' என்ற சொல்லை அக்கா வீட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. அரிசி களையும்போதும் அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

நான் செல்போன் ஆப் எழுதுகிறவன். சிதம்பரத்தில் வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு வேலை செய்கிறேன். அறுவை சிகிச்சைக்கு முன்பே மாமாவின் குரலைப் பதிவுசெய்து வைத்துவிட்டால், பிறகு ஒரு பொத்தானைத் தொட்டால் அவர் குரலிலேயே பேச வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. கடலூர் முதுநகரில் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"ஆள் இருக்கும்போதே கொரல மட்டும் தனியா எடுத்து வைக்கிறியா மச்சான்?" என்றார். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார்.

"உங்க அக்கா அழுவுறா. வா, எடுத்துக்க."

படுக்கையறை ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி உட்கார்ந்தோம். இந்தச் சொல்லைச் சொல்லுங்கள் என்று நான் எதையும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். தண்ணி குடு. வலிக்குது. கதவச் சாத்து. அந்த ஃபேன கொறை. பிறகு அக்காவைக் கூப்பிடும் "இந்தாம்மா". அதைச் சாதாரணமாக ஒரு தடவை, கோபமாக ஒரு தடவை, ஏதோ கேட்கப்போகும் தொனியில் ஒரு தடவை என்று மாற்றி மாற்றிச் சொன்னார். வியர்வை வழிந்தது. "எது வேணுமோ அத வச்சிக்க" என்று எழுந்து போய்விட்டார்.

அறுவை சிகிச்சை முடிந்து, கழுத்தில் இருந்த துளை வழியாக மூச்சுவிடும் மனிதராக அவர் வீட்டுக்கு வந்தார். நான் செய்திருந்த ஆப்பில் பெரிய பெரிய படங்கள் இருந்தன. படத்தைத் தொட்டால் அவர் குரல் வரும். முதல் நாள் அவர் "இந்தாம்மா" பொத்தானைத் தொட்டபோது அக்கா சமையலறையில் இருந்தாள். கையில் கரண்டியோடு ஓடி வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். மாமா அவளைப் பார்க்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சைகையால் காப்பி கேட்டார்.

அதோடு அது எங்கள் வீட்டுக்குள்ளேயே முடிந்திருக்கும். ஆனால் மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், மற்ற நோயாளிகளுக்கும் இதைத் தர முடியுமா என்று கேட்டார். முன்பே குரலை இழந்தவர்களுக்கு வீட்டில் வேறு யாராவது பேசிப் பதிவு செய்துகொள்ளும்படி மாற்றி, ஆண்ட்ராய்டு போன்களுக்கான ஆப் கடையில் போட்டேன். என்னோடு சிதம்பரத்தில் கல்லூரியில் படித்த தோழி ஒருத்தி பெங்களூரில் வேலை செய்கிறாள். அவள் ஐபோன்காரி. "எங்க பக்கத்துக்கு நான் எழுதுறேன்" என்று அவளாகவே எழுதிக் கொடுத்தாள். அப்படித்தான் அது இரண்டு கடைகளுக்கும் போனது.

ஒரு வருடத்துக்குள் இரண்டு பக்கமும் எப்படி என்று தெரிந்துவிட்டது. ஆண்ட்ராய்டு பக்கம் எங்கள் மாவட்டத்து மனிதர்கள் மட்டுமல்ல, தமிழ் பேசும் ஊர்களிலிருந்தெல்லாம் இறக்கிக்கொண்டார்கள். அங்கே இலவசம்; விலை வைத்தால் யாரும் தொட மாட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஐபோன் பக்கம் ஆட்கள் சொற்பம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள்தான் பெரும்பாலும். சிறிய விலை வைத்திருந்தோம், மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். ஆனால் அவர்களில் பலருக்கு ஒரு சங்கடம் வந்தது. அங்கே தங்கள் போனில் வாங்கியதை இங்கே அப்பாவின் ஆண்ட்ராய்டு போனுக்கு மாற்ற முடியாது. "நான் காசு கட்டிட்டேனே, எங்கப்பாவுக்கு ஏன் வர்ல?" என்று எழுதுவார்கள். உங்கள் அப்பா பக்கத்தில் அது இலவசம்தான் என்று பதில் எழுதுவோம். சிலருக்கு அது இன்னும் குழப்பமாக இருந்தது.

குரல்களைப் பத்திரமாகச் சேமிக்கும் சர்வருக்கு மாதாமாதம் செலவு. ஐபோன் கடைக்கு வருடச் சந்தா வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழி போனில் பேசினாள்.

"பணம் தர்ற பக்கம் ஆள் இல்ல. ஆள் இருக்கிற பக்கம் பணம் இல்ல. இத எத்தன நாளைக்கு நம்ம சம்பளத்துலேர்ந்து ஓட்டுறது?"

"விளம்பரம் போடணும்ங்கிற."

"எல்லா ஃப்ரீ ஆப்லயும் வர்றதுதான. வெளம்பரத்த மூடிட்டுப் போயிடுவாங்க."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆப்பைத் திறக்கும்போதும், நடுவில் அவ்வப்போதும் ஒரு விளம்பரம் வரும்படி செய்தேன். மாமாவின் போனில் மட்டும் அது வராது. யோசித்துச் செய்ததல்ல. அவருக்கு எப்போதும் நானே தனியாகப் போட்டுக் கொடுப்பதுதான் வழக்கம்.

சில மாதங்களில் ஆண்ட்ராய்டு பக்கத்து வரும்படி ஏறி வந்தது. தோழி அனுப்பிய வரைபடத்தில் முதல் முறையாக இரண்டு கடைகளின் வருமானக் கோடுகளும் அருகருகே வந்திருந்தன. அவளுக்குச் சந்தோஷம். "வருமானம் சரியாயிடுச்சி. இனிமே யாருக்கு எது வசதியா இருக்கு, எது கஷ்டமா இருக்குன்னு பாக்கணும். ரெண்டு பக்கத்துலயும் ஒவ்வொருத்தர் வீட்டுக்குப் போயி பக்கத்துல ஒக்காந்து பாரேன்" என்றாள்.

ஐபோனுக்குச் சிதம்பரத்திலேயே ஒருவர் கிடைத்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமாவுக்கு நடந்த அதே அறுவை சிகிச்சை அவருக்கும் நடந்திருந்தது. மகன் வெளிநாட்டிலிருந்து போனை அனுப்பியிருந்தான். மனைவியின் குரலில் பதிவு. அவர் விரல் தொட்டதும் சொல் வந்தது, எங்கும் தடங்கல் இல்லை. குறை ஏதாவது உண்டா என்று கேட்டேன். ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: "அவளுக்குக் கோபமாகப் பேச வராது. நான் கோபப்பட முடியவில்லை." மனைவி அதைப் படித்துவிட்டு, "இன்னொரு தடவ வேணா பேசித் தரேன்" என்றார்.

மற்றவர் பிச்சாவரம் பக்கத்து மீனவக் குப்பம் ஒன்றில் இருந்தார். உப்பனாற்றில் நண்டு பிடித்துக்கொண்டிருந்தவர். பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயிருந்தன. நான் போகிறேன் என்று தெரிந்ததும் மாமா தானும் வருவதாகச் சைகை காட்டினார். சிகிச்சைக்குப் பிறகு அவர் வீட்டைவிட்டு அதிகம் வெளியே வருவதில்லை. அவராக வருகிறேன் என்றது எனக்கு ஆறுதலாக இருந்தது. கழுத்தில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தார்.

அவர்கள் வீட்டு முன்னால் நண்டு வலை காய்ந்துகொண்டிருந்தது. நண்டு பிடித்தவர் கயிற்றுக் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாமாவின் கழுத்துத் துணியைப் பார்த்ததும் இடது கையை நீட்டினார். மாமா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

பிறகு நண்டு பிடித்தவர் தன் போனை எடுத்தார். பழைய போன், திரையின் ஒரு மூலை நொறுங்கியிருந்தது. ஆப்பைத் தொட்டதும் விளம்பரம் வந்தது. நிறம் நிறமான பழங்களை ஒரே வரிசையில் சேர்க்கும் விளையாட்டு. மூடுவதற்கான குறி மேலே அந்த நொறுங்கிய மூலையில்தான் இருந்தது. அவர் அதைத் தேடவே இல்லை. இடது கட்டைவிரலால் பழங்களை ஒவ்வொன்றாக நகர்த்தத் தொடங்கினார். நெற்றி சுருங்கியிருந்தது. அவர் மனைவி கையில் தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில் நின்றிருந்தார்.

"செத்த இரு தம்பி. அத முடிச்சிட்டுதான் பேசுவாரு."

"எதம்மா?"

"இந்தப் பழம் அடுக்குறதுதான். எடது கைக்குப் பயிற்சி குடுத்துப் பழக்கணும்னு டாக்டரு சொன்னாருல்ல. அதுக்குத்தான் இதுல வச்சிருக்காங்கன்னு நெனச்சோம். மொதல்ல ரொம்ப நேரம் ஆவும். இப்ப பரவால்ல."

பழங்கள் ஒரு வழியாகச் சேர்ந்தன. 'பதிவிறக்கு' என்று பெரிதாக ஒரு பொத்தான் வந்தது, அதையும் தொட்டார். கடை திறந்து விளையாட்டு போனில் இறங்கத் தொடங்கியது. அவர் அதிலிருந்து வெளியே வந்து மறுபடியும் எங்கள் ஆப்பைத் தேடிப் பிடித்து, செம்புப் படத்தைத் தொட்டார். மனைவியின் குரலே வந்தது: "தண்ணி குடு." அதற்குப் பிறகுதான் அந்த அம்மா செம்பை அவர் கையில் கொடுத்தார்.

"கையிலயே வச்சிருந்தீங்களே, முன்னாடியே குடுத்திருக்கலாமே?" என்று கேட்டேன்.

"முன்னாடி குடுத்தா கோவம் வந்துடும் தம்பி. அவரு கேட்டுதான் நான் குடுக்கணும்."

மாமா அந்தப் போனை வாங்கித் திரையைத் தள்ளினார். பக்கம் பக்கமாக விளையாட்டுகள். குதிரை, கார், மிட்டாய், சீட்டு, பந்து. ஒவ்வொன்றும் அந்த மனிதர் எதையோ கேட்கப் போன நேரத்தில் வந்து இறங்கியது. மாமா என்னைப் பார்த்தார். தன் போனை எடுத்து, மெதுவாகத் தட்டெழுதி என் பக்கம் நீட்டினார்.

"என் போன்ல இது வந்ததே இல்லியே."

"உங்களுக்குத் தனியாப் போட்டுக் குடுத்தேன் மாமா."

அவர் தலையசைத்தார். கட்டிலில் நெருங்கி உட்கார்ந்து, அந்தப் போனிலிருந்த விளையாட்டுகளை ஒவ்வொன்றாக நண்டு பிடித்தவருக்குக் காட்டிக் காட்டி அழிக்க ஆரம்பித்தார். அவர் தலையாட்டினால் அழிப்பார். படகுப் போட்டி ஒன்று வந்தபோது மட்டும் அவர் தலையாட்டவில்லை. மாமா அதை விட்டுவிட்டார். அந்த அம்மா என்னிடம், "ஏன் தம்பி, அதெல்லாம் வேணாமா? நெட்டு சீக்கிரமா தீந்துடுதுன்னு எங்க பக்கத்து ஊட்டுல சொன்னாங்க, இதனாலதானா?" என்றார். ஆமாம் என்றேன். அது பயிற்சி இல்லை, விளம்பரம், நான்தான் வைத்தேன் என்றும் சொன்னேன். அவர் கணவரின் இடது கையைப் பார்த்தார்.

"ஆனா கை கொஞ்சம் நல்லாத்தான் பழகியிருக்கு" என்றார். என்னைச் சமாதானப்படுத்த அப்படிச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கிள்ளை தாண்டியதும் வண்டியை ஓரமாக நிறுத்தித் தோழிக்குப் போன் செய்தேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன்.

"பயிற்சின்னா நெனச்சாங்க?"

"ஆமா."

"எடுத்துடு. இன்னைக்கே எடுத்துடு."

"சர்வருக்கு?"

"யோசிப்போம். மொதல்ல அத எடு."

அன்று மாலையே விளம்பரத்தை நீக்கினேன். வரைபடத்தில் ஒரு கோடு மறுபடியும் கீழே விழுந்தது. செலவைக் குறைக்க வழி தேடினோம். வீட்டு மனிதர்கள் பேசிய பதிவுகளை அவரவர் போனிலேயே இருக்க விட்டோம், தொலைந்தால் திரும்பப் பேசிக்கொள்ளலாம். அறுவை சிகிச்சைக்கு முன் தன் சொந்தக் குரலைப் பதிவு செய்தவர்களுடையதை மட்டும் சர்வரில் வைத்தோம். அது போனால் போனதுதான், திரும்பப் பேச முடியாது. ஐபோன் கடையில் விலையைக் கொஞ்சம் ஏற்றி, இந்தப் பணத்தில்தான் மற்றப் பக்கம் இலவசமாக ஓடுகிறது என்று வெளிப்படையாக எழுதினோம். ஒருவர் கோபமாக எழுதினார்: ஒரே ஆப், எங்களுக்கு மட்டும் ஏன் காசு? அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இன்னொரு பெண், நான் ஐந்து பேருக்குச் சேர்த்துக் கட்டுகிறேன், எங்கே கட்டுவது என்று கேட்டிருந்தாள். நாங்கள் விற்ற முறையில் ஒருவருக்கு ஒரு தடவைதான் விற்க முடியும். அவளுக்கு நன்றி மட்டும் எழுதினோம்.

அடுத்த ஐப்பசி மழையில் நண்டு பிடித்தவருக்கு மறுபடியும் பக்கவாதம் வந்து இறந்துபோனார். பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் சொல்லித்தான் தெரிந்தது. காரியம் முடிந்த பிறகு மாமாவும் நானும் போனோம். கட்டிலை வெளியே நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அந்த அம்மா எங்களுக்கு டீ வைத்துக் கொடுத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தார்.

"அவரு தொட்டா என் கொரல்தான தம்பி வரும். ஒரு வருசமா நானே என்கிட்ட தண்ணி கேட்டேன், நானே குடுத்தேன். அக்கம்பக்கத்துல கேக்குறவங்களுக்கு நான் ஒருத்தியே பேசிக்கினு இருக்கிற மாதிரிதான் இருந்திருக்கும். இப்ப நெசமாவே ஒருத்திதான்."

ஆப்பைப் போனிலிருந்து எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

அப்போது அதே போன் அடித்தது. நண்டு வாங்கும் வியாபாரி. இப்போது அந்த அம்மாவே மற்றப் பெண்களோடு சேர்ந்து நண்டு எடுத்து அனுப்புவதாக முன்பே சொல்லியிருந்தார். போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அந்த விலைக்குக் கட்டாது, வண்டிக் கூலியும் உங்களது என்று நிதானமாக, விடாமல் பேசினார். மாமா டீயை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்து அவர் உள்ளே வரும்வரை காத்திருந்து, சொல்லிக்கொண்டு கிளம்பினோம்.