வங்குரோத்து போனாலும் மெசின் போகாது

ஹட்டனில் இரண்டு கடை. கொட்டகலையில் மாடி வீடு. பிள்ளைகள் மூன்று பேரும் பட்டதாரிகள். எல்லாம் நான் உண்டாக்கியவை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து ஒரே ஒரு மரக்கறிக் கூடையோடு டவுனுக்கு இறங்கியவன் நான். அன்றைக்கு வங்கி மனேஜர் எனக்கு நாற்காலி கூடக் காட்டவில்லை. இன்று மனேஜர்கள் எழுந்து நிற்கிறார்கள். உள்ளதைச் சொல்ல எதற்குக் கூச்சம்?

இப்படி முன்னுக்கு வந்தவனுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வேலை தானாக வந்து சேரும். பிணைக் கையெழுத்து! யார் கடன் எடுத்தாலும் படிவத்தோடு என் கடைக்குத்தான் வருவார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்டவர்களும் உண்டு. கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார வைப்பது மாதிரி ஒரு மரியாதை அது. நானும் போட்டேன்... வாசித்துப் பார்க்காமலே.

அப்படிப் போட்டதில் ஒன்று செல்வராஜுக்கு. பொகவந்தலாவை பஜாரில் தையல் கடை வைத்திருப்பவன். நல்ல கைக்காரன். இரண்டாவது கடை திறக்க மூன்று இடத்தில் கடன் எடுத்தான். அந்தக் கடை ஓடவில்லை. பெரிய கடன் ஒரு பினான்ஸ் கம்பனியில். அதில்தான் என் கையெழுத்து.

சில மாதங்களுக்கு முன் அவன் கடைக்குப் போனேன். தையல் மெசினைக் கழற்றிச் சாக்கில் சுற்றி வைத்திருந்தான். கடனுக்கு வாங்கியது அல்ல. சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய மெசின்.

“என்னப்பா இது?”

“நாளைக்கு பினான்ஸ்காரங்க வர்றாங்கண்ணே. அவங்க தூக்குறதுக்கு முன்னாடி நாமளே குடுத்துட்டா மரியாதையா இருக்கும்ல.”

“மெசினக் குடுத்துட்டு எத வச்சு தைப்ப? பல்ல வச்சா?”

அவன் மனைவி மல்லிகா குறுக்கே வந்தாள். “நல்லா கேளுங்கண்ணே. கடன் கட்ட வழியில்லாம வங்குரோத்து ஆனா கட்டிலக்கூட விடமாட்டாங்க, புடிச்சு உள்ள போட்டுருவாங்கன்னு லயத்துல சொல்றாங்க. அதக் கேட்டுட்டு ரெண்டு நாளா சோறு எறங்கல இவருக்கு.”

லயத்தில் சொன்னால் அதுதான் சட்டமா? இரண்டு பேரையும் வேனில் ஏற்றி, ஹட்டனில் எனக்குத் தெரிந்த சட்டத்தரணி அம்மாவிடம் கொண்டுபோய் உட்கார வைத்தேன்.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். கடனை அடைக்கவே வழியில்லை என்றால், நாமே மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போடலாம். நீதிமன்றம் வங்குரோத்து என்று அறிவித்தால், நம் சொத்து நீதிமன்றம் நியமிக்கும் ஒருவர் கைக்குப் போகும். அவர் விற்று, கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கு பிரிப்பார். ஆளாளுக்கு வாசலில் வந்து கத்தவோ, பிடித்து உள்ளே போடவோ முடியாதபடி நீதிமன்றம் பாதுகாப்புத் தரும். உடுப்பு, படுக்கை, தொழில் செய்யும் சாமான் — இவை நமக்கே. நேர்மையாக நடந்தால் ஒருநாள் சான்றிதழ் கிடைக்கும். பழைய கடன் அதோடு சரி.

“அப்ப மெசினு?” என்றான் செல்வராஜ்.

“அது உங்க தொழில் சாமான். சாக்கப் பிரிச்சு மறுபடியும் பூட்டுங்க. ஆனா ஒண்ணு, எதையும் மறைக்கக் கூடாது. மறைச்சா பாதுகாப்பு போயிரும்.”

செல்வராஜ் தலையைச் சொறிந்தான். “த்ரீவீலர போன வாரம் மச்சான் பேருக்கு மாத்திட்டேன்...”

“இன்னைக்கே போய் திருப்பி மாத்துங்க!”

பிறகு அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். “ஐயா, பிணை போட்டது நீங்கதானே? அவருக்குக் கிடைக்கிற பாதுகாப்பு உங்களுக்குக் கிடையாது. அவர்கிட்ட போக முடியலன்னா கம்பனி நேரா உங்ககிட்டதான் வரும்.”

எனக்கு அது புதிய செய்தி. கடன் எடுத்தவன் விழுந்தால் என் கையெழுத்தும் அவனோடு விழுந்துவிடும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறேன், கடவுளே!

செல்வராஜ் எழுந்துவிட்டான். “வேணாம்மா. நான் தப்பிச்சு அண்ணன் மாட்டுறதா? மெசினக் குடுத்துர்றேன்.”

“உக்காருடா! ஒன் மெசின வித்தா என் தலையில விழுற கடன்ல ஒரு மூலைக்குக் காணாது. நீ மனுவப் போடு.”

போட்டான். நீதிமன்றம் அறிவித்தது. த்ரீவீலர் போனது, டீவி போனது, இரண்டாவது கடைக்கு வாங்கிய அலுமாரிகள் போயின. மெசின் இருக்கிறது. கம்பனி என்னிடம் வந்தது. மாதாமாதம் நான் கட்டுகிறேன்.

ஒன்று கவனித்தேன். சோறு போடும் சாமானை விட்டு வைக்கச் சட்டத்துக்குத் தெரிகிறது. நம் ஆட்கள்தான் மானம் என்று சொல்லி அதையே முதலில் தூக்கிக் கொடுக்கிறார்கள். வட்டிக்குக் கொடுத்தவனுக்கு இதைவிட நல்ல காலம் எது?

போன வாரம் செல்வராஜ் கடை வாசலில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தான். “மீண்டும் தைக்கிறோம். முருகப் பெருமானுக்கும் சட்டத்தரணி அம்மாவுக்கும் நன்றி.” இரண்டு தரம் வாசித்தேன். என் பெயர் இல்லை.

கேட்டேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

“ஒங்க பேரப் போட்டா இன்னும் பத்துப் பேரு கையெழுத்துக்கு வந்து நிப்பாங்கண்ணே.”

வரட்டும். இனி யாருக்கும் போட மாட்டேன். ஆனால் செல்வராஜ், என் பெயரை நீ போட வேண்டும்... முருகனுக்குக் கீழே, அதே அளவு எழுத்தில்.