எட்டாம் எண்ணுக்கு ஓய்வு கொடுக்க அழைத்தார்கள்

ஆவணி மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை திருச்சியிலிருந்து சென்னைக்குப் போனேன். ஒரே நாளில் திரும்பிவிடலாம் என்று நினைத்தது ஒன்றரை நாளாகிவிட்டது. காரணம் இதுதான்: தி.நகரில் இளவயதில் நான் ஆடிய கூடைப்பந்து கிளப், என் எட்டாம் எண் பனியனுக்கு ஓய்வு கொடுக்கப்போவதாகச் சொல்லி அழைத்திருந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அமெரிக்காவின் தொழில்முறை அணிகளில் இது பழைய வழக்கம். ஓர் ஆட்டக்காரரைப் பெருமைப்படுத்த வேண்டுமென்றால் அவருடைய எண்ணை அரங்கத்தின் கூரையில் தொங்கவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த அணியில் யாரும் அந்த எண்ணைப் போட முடியாது. எங்கள் காலத்தில் இங்கே அதைச் செய்திருக்கவே முடியாது. நான்கு முதல் பதினைந்து வரை பன்னிரண்டு எண்கள்தான், ஆட்களும் பன்னிரண்டு பேர். ஒன்றை மாட்டி வைத்தால் ஒருத்திக்குப் பனியன் இருக்காது! இப்போது விதி மாறிவிட்டது, தொண்ணூற்றொன்பது வரை எந்த எண்ணும் போடலாம். கிளப்பின் புதிய செயலாளர் அமெரிக்க ஆட்டங்களை விடாமல் பார்க்கிறவர். யோசனை அவருடையது.

காலை ஆறே முக்காலுக்கு ரயில். இரண்டாம் வகுப்பு இருக்கைக்கு நூற்று அறுபது ரூபாய். விழுப்புரம் தாண்டும்வரை அழைப்பிதழைக் கையிலேயே வைத்திருந்தேன். அந்த எட்டு முதலில் என்னுடையது இல்லை. ஷாகிராவுடையது.

ஷாகிராவும் நானும் சைதாப்பேட்டையில் இரண்டு தெரு தள்ளி வளர்ந்தவர்கள். அவள் எட்டு, நான் பதினொன்று. பந்தை முன்னால் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துவது அவள் வேலை. அவள் களைத்தால்தான் எனக்கு அந்த இடம். எனக்கு இருபத்திரண்டு வயதில் ஓர் அரசு அலுவலக அணிக்கு, வேலையும் கொடுத்து, ஆளெடுத்தார்கள். எங்கள் இடத்துக்கு ஒரே ஒருத்திதான். தேர்வு வியாழக்கிழமை என்றிருந்தது, திடீரென்று செவ்வாய்க்கு மாற்றிவிட்டார்கள். திங்கள் மாலை எங்கள் பயிற்சியாளர் ரங்கநாதன் சார் மயிலாப்பூரில் இருந்த தன் வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டு, "ஷாகிராகிட்டயும் சொல்லிடும்மா" என்றார். ஷாகிரா வீட்டில் அப்போது போன் கிடையாது.

அவள் தெருமுனைவரை போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் மைதானத்தில் சார் கேட்டபோது, "சொல்லிட்டேன் சார், வரலன்னுட்டா" என்றேன். வேலை எனக்குக் கிடைத்தது. ஷாகிரா கிளப்பை விட்டு நின்றாள். அடுத்த மாதம் எட்டாம் எண்ணை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். இருபத்தெட்டு ஆண்டுகளாக இதை யாரிடமும் சொன்னதில்லை.

எழும்பூரில் இறங்கும்போது பன்னிரண்டு மணி. சாப்பிட்டுவிட்டு மூன்று மணிவரை நிலையத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து சைதாப்பேட்டைக்கு மின்சார ரயிலில் ஐந்து ரூபாய், கால் மணி நேரம்தான். நிலையத்துக்கு வெளியே ஆட்டோக்காரர், "கோர்ட்டாண்டவா? இன்னிக்கு லீவாச்சே மேடம், யாரும் இருக்க மாட்டாங்க" என்றார். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குத்தான் என்றேன். "அப்ப அறுவது குடுங்க." நடந்தால் பதினைந்து நிமிடம். வெயிலில் நடக்கத் தெம்பில்லை.

ஷாகிரா கடை வைத்திருப்பதைப் பழைய தோழி ஒருத்தி சொல்லியிருந்தாள். நீதிமன்றம் விடுமுறை என்பதால் கடையில் கூட்டமில்லை. அவள் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எத்தினி காப்பி?" நிமிராமலே கேட்டாள்.

"ஷாகிரா, நான் செல்வி."

நிமிர்ந்து பார்த்தாள். "பதினொண்ணா நீ? இன்னாடி இவ்ளோ வெய்ட்டு போட்டுட்ட!" கவுன்டர் பலகையைத் தூக்கி என்னை உள்ளே இழுத்தாள். டீ வரவழைத்தாள். முழங்கால் வலியைப் பற்றிப் பேசினோம். அது இரண்டு பேருக்குமே இருக்கிறது. அழைப்பிதழைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "எட்டா? பரவால்ல, எனக்கப்பறம் நீதானே போட்டுக்கினு இருந்த" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "அந்த ரங்கநாதன் மட்டும் ஒரு வார்த்த சொல்லி அனுப்சிருந்தா..."

சொல்லிவிட்டேன். திங்கள் மாலை, தெருமுனை, மறுநாள் சாரிடம் சொன்ன பொய், எல்லாவற்றையும். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"அவரு எங்க வூட்டுக்கு வந்தாரு. தெரியுமா உனக்கு?"

தெரியாது.

"ஒரு வாரம் கழிச்சு. நல்ல வெயிலு. வாசல்ல நின்னுக்கினு, ஏம்மா வரலன்னு கேட்டாரு. சொல்லாம வுட்டுட்டு இப்ப வந்து நடிக்கிறாரேன்னு நெனச்சேன். அம்மா தண்ணி எடுத்துக்கினு போச்சு. வாணாம்னு கதவ மூடிட்டேன். அவரு செத்தப்போ சொல்லி அனுப்சாங்க. போகல."

சாரின் சாவுக்கு நான் மாலையோடு போயிருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

"வேல போனா போவுது. அத எப்பவோ வுட்டுட்டேன். ஒரு நல்ல மனுசன இவ்ளோ வருசம் திட்டிக்கினு இருந்தேனே, அதுக்கு இன்னா பண்ணுவ நீ?"

மன்னிப்பு கேட்கத்தான் போயிருந்தேன். அதைக் கேட்பதற்குள் வாடிக்கையாளர் ஒருவர் ஆதார் அட்டையை நீட்டினார். நகல் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, "அங்க மைக்கு குடுப்பாங்க இல்ல? அங்க சொல்லு. என்னாண்ட மட்டும் சொல்லிட்டுப் போவாத" என்றாள்.

"நீயும் வாயேன்."

"நான் எதுக்கு? நீ கெளம்பு."

என் போன் எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சைதாப்பேட்டையிலிருந்து தி.நகர் நான்கு கிலோமீட்டர் இருக்கும். ஆட்டோவில் நூற்றிருபது ரூபாய். சனிக்கிழமை மாலை உஸ்மான் சாலைப் பக்கம் போகிறவர்கள் ஒரு மணி நேரத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஐம்பது நிமிடம் ஆனது. ஐந்து மணிக்குத் தொடங்க வேண்டிய விழா எனக்காகக் காத்திருந்தது. பெரிய துணியில் எட்டும் அதன் கீழே என் பெயரும். பந்து வளையத்துக்கு மேலே கயிறெல்லாம் தயார். முன் வரிசையில் ரங்கநாதன் சாரின் மனைவி, நாங்கள் மாமி என்று கூப்பிடுகிறவர், உட்கார்ந்திருந்தார். அவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மைக்கைக் கொடுத்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். முதலில் நன்றி சொன்னேன். கிளப்பின் பழைய தரையைப் பற்றிக்கூட இரண்டு வார்த்தை பேசினேன். தள்ளிப்போடுகிறேன் என்று எனக்கே தெரிந்தது. அதற்குப் பிறகுதான் சொன்னேன். மூன்று நிமிடம் ஆகியிருக்கும். யாரும் கைதட்டவில்லை. பனியன் போட்டு நின்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். செயலாளர் பக்கத்தில் வந்து, "மேடம், துணியில பேர் அடிச்சாச்சே" என்று மெதுவாகச் சொன்னார். மாட்ட வேண்டாம் என்றேன். இரண்டு பேர் அதைச் சுருட்டினார்கள். சமோசா கொடுத்தார்கள். எல்லோரும் சீக்கிரமாகவே கலைந்துவிட்டார்கள்.

மாமி என்னிடம் வந்தார். "அன்னிக்கு எங்காத்துல வெச்சுதானே உன்கிட்ட சொல்லி அனுப்பினார். நான்தான் உனக்குக் காபி கலந்து குடுத்தேன்." திட்டுகிற குரலே இல்லை. "அந்தப் பொண்ணு மூஞ்சியில அடிச்சாப்ல கதவை சாத்திட்டாளேன்னு ரொம்ப நாள் சொல்லிண்டிருந்தார். நான் என்ன குறை வெச்சேன்னு கேட்டுண்டே இருந்தார்." ஆட்டோவரை கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்.

அன்று மாலை ரயிலைப் பிடிக்க மனமில்லை. மாம்பலம் நிலையத்துக்கு அருகில் ஒரு விடுதியில் தொள்ளாயிரம் ரூபாய்க்கு அறை எடுத்தேன். அறை சுத்தமாகத்தான் இருந்தது.

ஞாயிறு காலை ஏழு பத்துக்கு ஷாகிரா கூப்பிட்டாள். "சொன்னியா?"

"சொன்னேன்."

"சாரு வூடு எங்க கீது? யாராச்சும் கீறாங்களா அங்க?"

மாமி இருக்கிறார், மயிலாப்பூரில் அதே வீடுதான் என்று வழி சொன்னேன். நானும் வரட்டுமா என்று கேட்டேன்.

"நீ வராத" என்று வைத்துவிட்டாள்.

பிறகு அவள் கூப்பிடவில்லை. அவள் அங்கே போனாளா, போயிருந்தால் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்க எனக்கு உரிமையும் இல்லை. எட்டாம் எண்ணை இப்போது பத்தாவது படிக்கும் ஒரு பெண் போடுகிறாள் என்று செயலாளர் எழுதியிருந்தார்.

அந்த கிளப்பில் ஆட்டம் பார்க்க விரும்புகிறவர்கள் மாலை ஐந்தரையிலிருந்து ஏழரைக்குள் போகலாம், கட்டணம் இல்லை. மாம்பலம் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். தண்ணீர் எடுத்துப்போங்கள். என்னைப் போல வேறு காரணத்துக்காகப் பழைய ஊருக்குப் போகிறவர்கள், விழா நாளில் போகாதீர்கள். யாரைப் பார்க்க வேண்டுமோ அவரைத் தனியாக, முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். திருச்சிக்கு மாறும்வரை நான் சென்னையில்தான் வேலை பார்த்தேன், இருபத்திரண்டு வருடம். அதில் முக்கால்வாசிக் காலம் சார் உயிரோடு இருந்தார். என் அலுவலகத்திலிருந்து அவர் வீட்டுக்கு ஒரே பேருந்துதான், இருபது நிமிடம்.