நிறுத்தி வைத்த மில்லுக்கு நான் கொடுத்த ரிப்போர்ட்

ஹனீபா நானாவின் மிளகாய்த்தூள் மில் மாத்தளை டவுனில் ஒரு சாயங்காலம் எரிந்தது. வேலையாட்கள் மூடிவிட்டுப் போய் இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் காலை இன்சூரன்ஸ் கம்பெனி மனேஜர் எனக்கு ஆள் அனுப்பினார். கடை, மில், ஸ்டோர் என்று வயரிங்கைப் பார்த்துக் கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுதுவது என் தொழில். ஐந்து மாதத்துக்கு முன் அதே மில்லைப் பார்த்துவிட்டு, 'திருப்தி' என்று கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

எண்பதுகளின் நடுப்பகுதி, இலங்கையில் கலவரங்கள் நடந்த காலம் அது. எந்தக் கடை எரிந்தாலும் யாரோ வைத்த நெருப்பு என்றுதான் ஊர் முதலில் பேசும். மனேஜரும் அதையே பேசினார். நானாவின் பொலிசியில் சாதாரணத் தீ விபத்துக்கு மட்டும்தான் கவர். கலவரம், நாசவேலைக்கென்று தனியாக எடுக்கும் கவர் இல்லை. யாரோ வைத்தது என்று முடிவானால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது.

"கரண்ட்ல பிழையில்லன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க. அதையே திரும்ப எழுதுங்க. உங்களுக்கும் கரைச்சல் இல்ல, எங்களுக்கும் இல்ல" என்றார்.

மறைப்பானேன், எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது.

நானா மில் வாசலில் நின்றார். கரண்டை ஓர் ஆளாக வைத்தே பேசும் மனிதர் அவர். வோல்டேஜ் குறைந்த நாளில், "அவனுக்கு இன்னைக்கி மேலுக்கு ஏலாது" என்பார், காய்ச்சல்காரனைச் சொல்வது போல. அன்று ஸலாம் சொன்னதோடு சரி.

மோட்டார் சுவிட்ச் இருந்த இடத்தில்தான் கரி ஆழமாக இறங்கியிருந்தது. பெட்டியைத் திறந்தேன். மூன்று பேஸ் கம்பிகளில் இரண்டின் ஸ்குரூ இறுக்கமாக இருந்தது. மூன்றாவது, விரலால் தொட்டதுமே சுழன்றது. அந்த இடத்துச் செம்பு மட்டும் உருகி மணிமணியாக ஒட்டியிருந்தது. அந்த லூஸ் கனெக்‌ஷன் நாள் முழுக்கச் சூடாகி, பின்பலகையில் படிந்திருந்த தூளைக் கனல வைத்திருக்கிறது. மில் நின்ற பிறகும் அது உள்ளேயே புகைந்து, ஆள் போனபின் பற்றியிருக்கிறது.

இதை முன்பே நான் பார்க்காமல் விட்டது எப்படி? பரிசோதனைக்கு வரும் நாளை முதலாளிமாருக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்புவது அப்போது எங்கள் வழக்கம். அவர்கள் மரியாதைக்காக மெஷினை நிறுத்தி, தரையைக் கூட்டித் தண்ணீர் தெளித்து வைத்திருப்பார்கள். அப்படி நின்றுபோன மில்லில்தான் நான் மெகர் மீட்டர் வைத்து வயர் இன்சுலேஷனை அளந்தேன். ரீடிங் அருமையாக வந்தது. மெஷின் ஓடும் லோடில் சூடாகும் ஸ்குரூவை மெகர் காட்டாது. மில் ஓடும்போது பெட்டியின் மேல் கை வைத்திருந்தால் போதும், தெரிந்திருக்கும்.

"யாரும் வைக்கல நானா. சுவிட்ச்தான்" என்றேன்.

அவர் குனிந்து பெட்டியைப் பார்த்தார். "அப்ப அன்னைக்கி நீங்க எதப் பாத்தீங்க?"

"நின்ன மில்லப் பாத்தேன்."

"நீங்க வாறீங்கன்னுதானே தம்பி நிப்பாட்டினேன். தூள் ஏறி தும்மிக்கிட்டே போவீங்களேன்னு."

கோபத்தில் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கண்டதை அப்படியே எழுதினேன். என் பழைய பரிசோதனையில் இருந்த குறையையும் அதே தாளில் எழுதினேன். மனேஜர் இரண்டு தடவை வாசித்துவிட்டு, "உங்க கழுத்துல நீங்களே கயிறு போட்டுக்கிட்டீங்க" என்றார். தீ தொடங்கிய மின்கருவி என்பதால் சுவிட்ச் பெட்டி பொலிசியில் சேராது என்று தள்ளிவிட்டு, மற்ற நட்டத்துக்கு நானாவுக்குக் கம்பெனி கொடுத்தது. எனக்கு ஒரு வருடம் பரிசோதனை வேலை தரவில்லை. வீடுகளுக்கு வயரிங் செய்து பிழைத்தேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மெஷினை முழு லோடில் அரை மணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள். தும்மல் வந்தால் வரட்டும். ஓட்டிப் பார்க்க வழியில்லை என்றால், 'நின்ற நிலையில் பார்த்தேன்' என்று எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள். எனது முதல் ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரி இல்லை.